அப்பாவின் பழைய மர அலமாரி மேல் மூன்றடி மீன் தொட்டி வைக்கலாமா?

செந்தூல்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. கூட வேலை செய்பவர் வீடு மாறிப் போகிறார், தன் மீன் தொட்டியை எனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். மூன்றடித் தொட்டி, 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், கண்ணாடி 10 மில்லிமீட்டர், மேலும் கீழும் பிளாஸ்டிக் விளிம்பு கிடையாது. ஸ்டாண்டு மட்டும் இல்லை, அது துருப்பிடித்துப் போனதால் முன்பே தூக்கிப் போட்டுவிட்டாராம். மகளுக்கு ஒன்பது வயது, இன்னும் வாங்காத மீன்களுக்கு இப்போதே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள், அதனால் எனக்கு ரொம்ப நாள் அவகாசம் இல்லை.

வீட்டில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று டிவி கேபினெட், ஐந்தடி நீளம், பெட்டியில் வாங்கி வந்து நாமே பூட்டுகிற வகை, நடுவில் ஆஸ்ட்ரோ பெட்டி வைக்கத் திறந்த இடம். இன்னொன்று அப்பா தோட்டத்தில் இருந்தபோது ஆள் வைத்துச் செய்த மர அலமாரி. கெடாவில் தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர் வந்தபோது லாரியில் ஏற்றிய சாமான்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இடுப்பு உயரம், நான்கடி நீளம், மேலே இரண்டு இழுப்பறை, கீழே இரண்டு கதவு. நானும் தம்பியும் சேர்ந்து தூக்கினாலே மூச்சு வாங்கும், அவ்வளவு கனம். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. தொட்டியை அதன் மேல் வைத்தால் ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும், அம்மாவும் "அதுலயே வையேன்" என்கிறார்.

கேட்க வேண்டியது இரண்டு. அந்த அலமாரி தாங்குமா? நாங்கள் இருப்பது ஏழாம் மாடி, தரை தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_தச்சன் எழுதியது:

தம்பி, நான் மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது பட்டர்வொர்த்தில் சொந்தமாகத் தச்சு வேலை செய்கிறேன், வீட்டில் மூன்று தொட்டியும் இருக்கிறது. முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வெளி அளவை வைத்துப் பெருக்கினால் உங்கள் தொட்டி 182 லிட்டர் வரும், ஆனால் கண்ணாடித் தடிமன், மேலே விடுகிற இடைவெளி, மணல் பிடிக்கிற இடம் எல்லாம் போக 140 லிட்டர்தான் உள்ளே நிற்கும். கண்ணாடி மட்டும் 40 கிலோ. 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் போட்டால் 30 கிலோ. கல், மரக்கட்டை, ஃபில்டர் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 225 கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டை இருபத்திரண்டை அடுக்கி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு, அதுவும் வருடக்கணக்கில் இறக்காமல்.

ஒரு சாமானைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது, மேலே வைக்கிற பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைத்தான். தொட்டியின் கீழே நேராக நிற்கிற பலகை தரை வரைக்கும் போகிறதா, இல்லை நடுவில் எங்காவது அந்தரத்தில் நிற்கிறதா? சாமான் கனமாக இருப்பதால் பலமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், கனமான மரத்தில் செய்தாலும் பாரம் இறங்க வழி இல்லாவிட்டால் நடுப்பலகை தொங்கத்தான் செய்யும்.

டிவி கேபினெட்டை மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த சிப்போர்டு, 15 அல்லது 18 மில்லிமீட்டர். ஒரே சீராகப் பரவிய பாரத்துக்கு, கீழே ஆதாரம் இல்லாத நீளம் இரண்டு மடங்கானால் வளைவு பதினாறு மடங்காகும். பலகையின் தடிமன் இரண்டு மடங்கானால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். உங்கள் கேபினெட்டில் ஆஸ்ட்ரோ பெட்டி வைக்கிற திறந்த இடம் இருக்கிறதே, அதற்கு மேலேதான் தொட்டியின் நடுப்பகுதி வந்து உட்காரும். தவிர சிப்போர்டு பாரத்தின் கீழ் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே போகும், இன்றைக்கு வளையாதது ஆறு மாதத்தில் வளையும். பின்னால் அடித்திருப்பது 3 மில்லிமீட்டர் அட்டை மாதிரியான பலகை, பக்கவாட்டில் ஆட்டம் வந்தால் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். டிவி அசையாமல் நிற்கும், தண்ணீர் அப்படி நிற்காது. 2022 பிப்ரவரியில் சுமத்ராவில் நிலம் அதிர்ந்தபோது கோலாலம்பூர் உயர்மாடிகளில் ஆட்டம் தெரிந்தது நினைவிருக்கும்.

அலமாரியைப் பற்றி இப்போதே சொல்ல முடியாது. மேல்பலகையின் தடிமன், அகலம், கால் உயரம், நடுத்தடுப்பு எது வரைக்கும் போகிறது, கதவைத் திறந்தால் அடிப்பலகை எதன் மேல் நிற்கிறது, இதை எல்லாம் அளந்து போடுங்கள். பின்கால்களையும் அடிப்பக்கத்தையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், பொடி உதிர்கிறதா என்றும் பாருங்கள்.

கப்பி_அக்கா எழுதியது:

நான் செத்தாபாக்கில் இருக்கிறேன். தம்பி, அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இதைப் படித்து ஒருவராவது நிறுத்தினால் எனக்கு நிம்மதி.

இரண்டடித் தொட்டிதான், மூன்றடிகூட இல்லை. ஹாலில் டிவி வைத்திருந்த கேபினெட்டில் ஒரு ஓரமாக வைத்தோம். முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது குழாயிலிருந்து நாலு சொட்டு விழும், துடைத்துவிடுவேன். ஆனால் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற பட்டை ஒரு மூலையில் லேசாகப் பிரிந்திருந்தது, அதன் வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஒரு நாள் தடவிப் பார்த்தால் அந்த இடம் டீயில் நனைத்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அதே சமயத்தில் கேபினெட் கதவு மூடும்போது உரச ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கீலைத் தளர்த்திக் கதவைச் சரி செய்தேன். கதவு உரசியதற்குக் காரணமே பக்கப் பலகை சாய்ந்துகொண்டிருந்ததுதான் என்று அப்போது தோன்றவில்லை.

பதினான்காவது மாதம், விடியற்காலை மூன்று மணி இருக்கும், 'டக்' என்று ஒரு சத்தம். எழுந்து வந்து பார்த்தால் அடிமூலையில் கண்ணாடியை ஒட்டியிருக்கிற சிலிக்கோன் பசை பிரிந்து தண்ணீர் பாய்கிறது. மூலை ஒரு பக்கம் இறங்க இறங்கக் கண்ணாடி முறுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பெட்டி கேபினெட்டுக்குக் கீழேதான் இருந்தது, நல்ல வேளை மின்சாரம் தானாகவே டிரிப் ஆகி நின்றுவிட்டது. மீன்களைச் சோற்றுப் பானையிலும் வாளியிலும் அள்ளிப் போட்டோம், பதினொன்றில் ஐந்து பிழைத்தது. கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கிப் பெரிய கறை, அவர்களுக்குச் சாயம் அடித்துக் கொடுத்தோம். அவர்கள் நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

கதவு உரசுவது, இழுப்பறை திடீரென்று இறுகுவது, தொட்டியில் தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம்.

கெப்போங்_டெட்ரா எழுதியது:

எல்லாரும் பயமுறுத்துவதால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கியா கடையின் கல்லாக்ஸ் என்கிற கட்டம் கட்டமான அலமாரி மேல் என் இரண்டடித் தொட்டி நான்கு வருடமாக இருக்கிறது. சிப்போர்டும் அட்டையும்தான் அது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுச் சாமான் என்றாலே ஆகாது என்று சொல்வது சரி என்று எனக்குப் படவில்லை.

பட்டர்வொர்த்_தச்சன் எழுதியது:

கெப்போங் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆகாது என்று நானும் சொல்லவில்லை. இரண்டடித் தொட்டி, 60க்கு 30க்கு 36 என்றால் மணலோடு சேர்த்து 90 கிலோவுக்குள் அடங்கும். உங்கள் அலமாரியை நிமிர்த்தி வைத்து, தொட்டியின் இரண்டு முனையும் நேராக நிற்கிற பலகைகளுக்கு மேலே வந்தால் பாரம் பலகை வழியாக இறங்கிவிடும், அதனால்தான் நிற்கிறது. அதே சாமானின் உள்தட்டுக்கு ஒரு கட்டத்துக்கு 13 கிலோ என்றுதான் தயாரித்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சின்ன பெட்டா மீன் தொட்டியை விடக் கனமான எதையும் வைத்துவிடாதீர்கள். சுவரோடு சேர்த்து ஒரு இரும்புப் பட்டையை முடுக்கி, பின்பக்கம் ஒரு பிளைவுட் பலகை அடித்துவிடுங்கள், பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிடும். ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி_ஜார்ஜ்டவுன் எழுதியது:

தரையைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தலைவலியை முழுசாகப் பட்டவன் நான். நாங்கள் இருப்பது ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டின் மேல்மாடி, தரை முழுக்க மரப்பலகை, நடந்தாலே தொட்டித் தண்ணீரில் வளையம் வளையமாக அலை வரும். இந்த மாதிரி தரையில் பலகைக்குக் கீழே ஓடுகிற உத்திரக்கட்டைகள் எந்தத் திசையில் போகின்றன என்று கண்டுபிடித்து, தொட்டி அவற்றைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி வைக்க வேண்டும், அப்போதுதான் நாலைந்து கட்டைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். கட்டைக்கு இணையாக வைத்தால் ஒரே கட்டையின் தலையில் எல்லாம் விழும். நான் சுவரை ஒட்டி, கட்டைகள் சுவருக்குள் நுழைகிற இடத்தில் வைத்திருக்கிறேன், அதுவும் இரண்டடிதான். மூன்றடி ஆசையை இந்த வீட்டில் இருக்கும்வரை விட்டுவிட்டேன்.

உங்களுடையது அடுக்குமாடி, கான்கிரீட் தளம். வீட்டுத் தரைக்குப் பொறியாளர்கள் எடுக்கிற கணக்கு பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சுமார். 225 கிலோ தொட்டி அரை சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் நிற்கிறதே என்று பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு அறை முழுக்கப் பரவிய பாரத்துக்கு, கான்கிரீட் தளம் ஓர் இடத்துப் பாரத்தைச் சுற்றிலும் பரப்பிக் கொடுத்துவிடும். மூன்றடி அளவுக்கு, சுவரை ஒட்டி, முடிந்தால் கீழே உத்திரம் ஓடுகிற பக்கம் வைத்தால் பொதுவாகப் போதும். ஐந்தடி ஆறடிக்குப் போகிறவர்கள் பொறியாளர் யாரையாவது கேட்டுவிட்டு வைக்கட்டும்.

அப்புறம் மட்டம். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை மூன்று விதமாகவும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் ஆப்பை ஸ்டாண்டின் காலுக்குக் கீழேதான் கொடுக்க வேண்டும், கண்ணாடிக்குக் கீழே எதையும் செருகக்கூடாது, செருகின இடத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். விளிம்பு இல்லாத தொட்டி என்பதால் அடியில் 5 மில்லிமீட்டர் நுரைப்பாய் போடுங்கள், யோகா பாயை வெட்டிப் போட்டாலும் சரி. மணல் துகள் ஒன்று கண்ணாடிக்கு அடியில் மாட்டினால்கூடப் பாய் வாங்கிக்கொள்ளும். ஆனால் பலகை வளைந்திருந்தால் பாய் ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் சட்டம் போட்ட தொட்டிக்குப் பாய் வேண்டாம், அதன் பாரம் நான்கு ஓரத்தில்தான் நிற்கும்.

செந்தூல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கப்பி அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். டிவி கேபினெட் பேச்சு அதோடு முடிந்தது.

நேற்று இரவு அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு அளந்தேன். மேல்பலகை இரண்டு பலகைகளை ஒட்டியது, தடிமன் 20 மில்லிமீட்டர். நீளம் 121 சென்டிமீட்டர், அகலம் 42. கால் நான்கு, ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் உயரம், கடைந்து எடுத்தது. நடுவில் ஒரு தடுப்புப் பலகை இருக்கிறது, ஆனால் அது அடிப்பலகையோடு நின்றுவிடுகிறது, அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவில் வெறும் காற்றுதான். இழுப்பறை இரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்தால் மேல்பலகைக்குக் கீழே முன்னால் ஒரு சட்டம், பின்னால் ஒரு சட்டம், நடுவில் ஒன்றுமில்லை.

வலது பின்காலைத் தட்டினால் சத்தம் வேறு மாதிரி வருகிறது, அடியில் மஞ்சளாக மாவு மாதிரி பொடி. சின்னச் சின்ன ஓட்டைகள். இத்தனை வருடமாக வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

பட்டர்வொர்த்_தச்சன் எழுதியது:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள், இழுத்துப் பார்த்ததற்கு.

மூன்றடித் தொட்டி அதில் வேண்டாம். முதல் காரணம் அகலம்: தொட்டி 45, பலகை 42. மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் விளிம்பு இல்லாத தொட்டிக்கு அந்த ஓரத்தில் ஆதாரமே இல்லை. இரண்டாவது, நீங்களே சொன்ன நடுத்தடுப்பு. மேல்பலகைக்கு நடுவில் தாங்கல் இல்லை, தடுப்புக்கு வருகிற பாரமும் அடிப்பலகைக்கு வந்து அங்கே அந்தரத்தில் நின்றுவிடுகிறது, கடைசியில் எல்லாம் நான்கு கால் மேல். அதில் ஒரு கால் உளுத்துப் போயிருக்கிறது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்தக் கால் ரப்பர் மரம் மாதிரி தெரிகிறது எனக்கு, படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் தோட்டத்தில் செய்தது என்கிறீர்கள், மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தில் உளுப்பூச்சி சீக்கிரம் விழும். இப்போது தொழிற்சாலைகளில் அறுத்த உடனே போரான் மருந்தை மரத்துக்குள் ஏற்றிக் காயவைத்துத்தான் சாமான் செய்கிறார்கள். உங்கள் அலமாரியைக் காப்பாற்றலாம். அந்தக் காலைக் கழற்றிப் புதுக்கால் கடைந்து போட வேண்டும், உங்கள் பக்கத்திலேயே மரம் கடைகிறவர் இருப்பார், மற்ற மூன்று காலின் அளவைக் கொடுத்தால் போதும். மீதி மரத்தில் மெருகைத் தேய்த்து எடுத்துவிட்டு, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலைப் பூசி நன்றாகக் காயவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலை எல்லாம் தொட்டியில் மீன் விடுவதற்கு முன்னாலேயே முடியட்டும், பூச்சி மருந்து வாடை மீனுக்கு ஆகாது, தெளிப்பு மருந்து என்றால் பக்கத்தில்கூட அடிக்கக் கூடாது.

கால் மாற்றின பிறகு இரண்டடித் தொட்டி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வைக்கலாம். இழுப்பறைகளுக்கு நடுவில் மேல்பலகையைத் தாங்க ஒரு கட்டை நிறுத்துங்கள், அது நேராக நடுத்தடுப்பின் தலையில் உட்கார வேண்டும், தடுப்புக்குக் கீழே தரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் 12 சென்டிமீட்டர் கட்டை ஒன்று இறுக்கமாகக் கொடுங்கள். மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, அதன் மேல் நுரைப்பாய், அதன் மேல் தொட்டி. தொட்டி ஏற்றும் முன் 1.5 லிட்டர் மினரல் தண்ணீர் பன்னிரண்டு போத்தல் உள்ள பெட்டி ஐந்தை அடுக்கினால் 90 கிலோ, ஒரு வாரம் அப்படியே விட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூல் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் தொட்டி வைத்த மரம் ஈரம் படாமல் இருக்காது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் வாரம் ஒரு முறை சொட்டும், வழியும். நம் ஊர்க் காற்றே ஈரம், அதற்கு மேல் இது வேறு. உங்கள் அப்பா விட்டுப் போனது அது ஒன்றுதான் என்கிறீர்கள். நானாக இருந்தால் அதை நனைக்க மாட்டேன்.

மூன்றடிக்கு இரும்பு ஸ்டாண்டு அடித்துவிடுங்கள். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், நான்கு கால், மேலே சட்டத்தில் நடுவில் ஒரு குறுக்குக் குழாய், பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு குறுக்குப் பட்டை, அந்தப் பட்டைதான் ஆட்டத்தைத் தடுப்பது, வெல்டிங் கடைக்காரர் தேவையில்லை என்பார், கேட்காதீர்கள். குழாய் வாயை எல்லாம் அடைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும், உங்கள் நண்பரின் ஸ்டாண்டு அப்படித்தான் போயிருக்கும். காலுக்குக் கீழே ரப்பர் அடி. மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஓரங்களுக்கும் சேர்த்து இரண்டு கை சாயம்.

கப்பி_அக்கா எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே தரையில் வைக்காதீர்கள், பக்கத்துச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வரும் முன் ஒரு முறை கீழே தொங்கி அப்புறம் மேலே ஏற வேண்டும், அப்போது வயர் வழியாக வருகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மெயின் பெட்டியில் 'T' என்று எழுதிய பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், டிரிப் ஆகாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அது வேலை செய்ததால்தான் வெறுங்காலோடு தண்ணீரில் ஓடிய பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செந்தூல்வாசி எழுதியது:

அண்ணே, நீங்கள் கடைசியில் எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "காலை முதலில் மாற்று" என்றார். அலமாரிக்குப் பக்கத்திலேயே இரும்பு ஸ்டாண்டு நிற்கட்டும், நடுவில் ஒரு கை இடைவெளி விட்டு, மீன் தீனியும் வலையும் அப்பா இழுப்பறையில் இருக்கட்டும் என்று முடிவு. காய்ந்த சாமான்தானே, அதற்கு ஒன்றும் ஆகாது.

வெல்டிங் கடைக்காரர் சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார். குறுக்குப் பட்டை வேண்டாம் என்றுதான் அவரும் போனில் சொன்னார், வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஸ்டாண்டு உயரம் மட்டும் தெரியவில்லை. 90 வைக்கவா, 75 வைக்கவா?

மேல்மாடி_ஜார்ஜ்டவுன் எழுதியது:

மகளை வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து கண் வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 25 சென்டிமீட்டரைக் கழித்தால் வருகிற உயரத்தில் ஸ்டாண்டு. தொட்டியின் நடு அவள் கண்ணுக்கு நேராக வரும். எங்கள் வீட்டில் 70 வந்தது, தாழ்வாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தோம், இப்போது எல்லாரும் கீழே உட்கார்ந்துதான் பார்க்கிறோம்.